எழுபத்தெட்டு சதவீதம்

எழுபத்தெட்டில் நின்றது.
எழுபத்தொன்பது வரவில்லை.
பிறகு திரையே இல்லை.

லியெபாயாவின் பிப்ரவரிக் காற்று
ஜன்னல் சட்டத்தில் விரல் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தது.
மடிக்கணினிக்குள் விசிறி மட்டும் சுற்றியது,
ஆளில்லாத வீட்டில் அணைக்க மறந்த விளக்கு மாதிரி.

என்னை யாரும் கேட்கவில்லை.
ஒழுங்காய் ஓடிய கிராபிக்ஸ் கார்டு.
கூட நாலு வாட் குடித்தால் கூட நாலு அடி ஓடும் என்று
வேறொரு கார்டின் தலையெழுத்தை
இதன் தலையில் எழுதப் போனேன்.
மடிக்கணினியும் என்னுடையதல்ல,
பைபாவுடையது.
திங்கட்கிழமை அவள்
துறைமுகக் கிடங்கின் வரைபடங்களைக் காட்ட வேண்டும்.
உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மாடி விஸ்மா
காதுக் கருவிகள் பழுது பார்ப்பவள்.
கதவைத் திறந்தாள், என் கையிலிருந்ததைப் பார்த்தாள்.
"நீயேவா?"
"நானேதான்."
செருப்பைக் கழற்றச் சொன்னாள்.

பதினெட்டுத் திருகுகள்.
ஒன்று உருண்டு ரேடியேட்டருக்கு அடியில் போயிற்று.
பலகையின் ஓரத்தில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாய்
ஒரு கறுப்புச் சில்லு. எட்டுக் கால்.
முதல் காலருகே ஒரு புள்ளி,
திருஷ்டிப் பொட்டு.
பட்டது என் கண்தான்.

"ஒன்று புள்ளி எட்டு வோல்ட்" என்றாள்,
எனக்கல்ல, தன் கைக்கு.
கவ்வியை மாட்டிப் படித்தாள்.
மறுபடி படித்தாள்.
இரண்டும் ஒத்துப்போகவில்லை.
"சில்லு பொய் சொல்லாது. கவ்விதான் சரியாய்க் கவ்வவில்லை."
மூச்சை நிறுத்தி மயிரிழை நகர்த்தினாள்.
மூன்றாவதும் நான்காவதும்
ஒரே சொல்லைச் சொல்லின.

"பழசு எங்கே?"

இந்தக் கேள்விக்குத்தான்
படியேறும்போதே பயந்தேன்.
பிரதி எடுத்திருந்தேன். எங்கே வைத்தேன்?
கீழே ஓடி, மேலே ஓடி,
கடைசியில் பைபாவின் பென் டிரைவில்,
அவள் அண்ணன் உல்டிஸின் கல்யாணப் படங்களுக்கு நடுவே,
'பழசு, தொடாதே' என்ற பெயரில்.
எழுதியவன்தான் தொட்டவன்.

அழித்தாள்.
அழிந்ததா என்று வெறுமையையும் ஒருமுறை படித்தாள்.
பழையதை எழுதினாள்.
ஒரு மெகாபைட்.
உல்டிஸ் கேக் வெட்டும் படத்துக்கே போதாது.
அதற்குள்தான் இருந்திருக்கிறது
இத்தனை வெளிச்சமும்.

விசிறி ஒருமுறை கத்தி அடங்கியது.
திரையின் மூலையில் ஒரு வெள்ளைக் கோடு
கண் சிமிட்டிற்று.
விஸ்மா அதைப் பார்க்கவில்லை;
கவ்வியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பதினேழு திருகுகளோடு இறங்கி வந்தேன்.

திங்கள் காலை பைபா மூடியைத் திறந்தாள்.
ஒன்றும் நடக்காதது போல
கடவுச்சொல் கேட்டது.
"ரொம்ப மெதுவாயிருக்கிறது," என்றாள்,
"ஏதாவது செய்து பாரேன்."

நான் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.
சர்க்கரை போட்டிருக்கவில்லை.