ஈரம்

இரண்டு அமினோ அமிலங்கள் கைகோக்க
ஒரு நீர் மூலக்கூறு வெளியேறியாக வேண்டும்.
சுதபா லாஹிரி முப்பத்தோரு வருடம்
நீரை வெளியேற்றிக்கொண்டிருந்தாள்,
கல்கத்தாவில்,
சுவரே வியர்க்கும் ஊரில்.

ஒவ்வொரு கண்ணிக்கும் நூற்றில் பத்து நழுவும்.
இருபது முறை கோத்தபின் மிஞ்சுவது பன்னிரண்டு.
அதிலும் பாதியை மின்வெட்டு தின்றது.

ஒரு செப்டம்பரில் ஆய்வுக்கூடத்துக்குள் வெள்ளம்.
புடவையை இடுப்பில் செருகி
உலர்குப்பியைத் தலைமேல் தூக்கி
முழங்கால் நீரில் தெருவுக்கு வந்தவளை
ரிக்‌ஷாக்காரர் பிஷுன் மாத்தோ கேட்டார்:
"உள்ளே என்ன தீதி, மீனா?"
"கிட்டத்தட்ட" என்றாள்.
கால் கிராம் இருந்தது.

அந்தக் கால் கிராம் படிகமாக மறுத்தது,
பதினோரு வருடம்.
எத்தனை கரைப்பான், எத்தனை குளிர்,
எத்தனை பேர் சொன்ன "விட்டுவிடு".
பிறகு ஒரு பூஜை விடுமுறையில்,
மூடி சரியாக இறுகாத ஒரு குப்பியில்,
யாரும் பார்க்காதபோது
ஊசி ஊசியாக நின்றது.

எக்ஸ்ரே வரைபடத்தில்
இருபத்தோரு கண்ணியும் சுருண்டிருந்தன.
முறிந்துபோகவேண்டிய வளைவில்,
இரு பக்கமும் பிடித்துக்கொண்டு,
அழையாமல் வந்த
ஒரு நீர்.

நெடுநேரம் பார்த்தாள்.
கட்டுரையில் அதற்கும்
ஒரு எண் போட்டாள்.