ஒரு விரல் அகலக் கட்டம்

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ லேட்டு?"
நர்ஸம்மா தலை நிமிராமல்தான் கேட்டாள்.
செவ்வாய்க்கிழமை, மேல்பட்டி ஆரம்ப சுகாதார நிலையம்.
முப்பது வயிறுகளுக்கும் சேர்த்து
வராந்தாவில் ஒரே ஃபேன்.
அவளுக்கு ஆறு கிராமம், ஒரு ஸ்கூட்டி.
பதிவேட்டில் காரணம் எழுத
ஒரு விரல் அகலத்துக்குக் கட்டம்.

எனக்கு முன்னால் நின்ற ஷாஜிதா
"நாள் கணக்கு தெரியலக்கா" என்றாள்.
பொய்.
பீடிக்கட்டில் ஒன்று குறைத்து எண்ணினால்
ஏஜென்ட் வீட்டு வாசலில் போய் நிற்கிறவள் அவள்.
அவளுக்கும் முன்னால் கனகவல்லி:
ஆதார் அட்டை மாமியார் பெட்டியில்,
பெட்டிச் சாவி மாமியார் இடுப்பில்,
மூணு மாசம் தாண்டாமல் வெளியே மூச்சு விடக் கூடாது.
இத்தனையும் சொல்ல வாயெடுத்து
ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.
'அறியாமை' என்று எழுதிக்கொண்டாள் நர்ஸம்மா.
சின்ன வார்த்தை.
கட்டத்துக்குள் கச்சிதமாய் உட்கார்ந்தது.

எனக்குத் தெரியும்.
நாள் தள்ளிய இரண்டாம் காலையே தெரியும்.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் பசை நெடிக்கு
எங்கள் லைனில் தினம் யாராவது வாந்தியெடுப்பார்கள்.
அந்தக் கூட்டத்தில் என் வாந்தியும் ஒன்று.
சூப்பர்வைசர் அரை எலுமிச்சம்பழம் கொடுத்தார்,
எல்லோருக்கும் கொடுப்பது போலவே.

போன தடவை ஏழாம் வாரமே வந்தேன்.
"சமர்த்து" என்றாள் இதே நர்ஸம்மா.
அட்டை கொடுத்தாள்,
நீளமாய் ஒரு எண் கொடுத்தாள்,
என் செல் நம்பரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.
பதினோராம் வாரம்,
ஆர்டர் முடிக்க ஓவர்டைம் பார்த்த ராத்திரி,
வரிசையில் கடைசிக் கழிப்பறை,
தாழ்ப்பாள் இல்லாத கதவை
ஒரு காலால் அழுத்திக்கொண்டு
தனியாக.

எனக்கு நின்றுவிட்டது.
எண்ணுக்கு நிற்கவில்லை.
அது வளர்ந்தது.
நாலாம் மாதம் கேட்டது:
இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா?
ஆறாம் மாதம்:
குழந்தையின் அசைவைக் கவனியுங்கள்.
மத்தியான மணி அடித்து
டிபன் டப்பா திறக்கிற நேரம் பார்த்து வரும்.
எட்டாம் மாதம் ஒரு பெண்குரல்,
பதிவு பண்ணின குரல்,
பிரசவப் பையில் வைக்க வேண்டியதையெல்லாம் சொன்னது.
சுத்தமான பருத்தித் துணி,
மாற்றுப் புடவை,
அட்டையை மறக்க வேண்டாம்.
கடைசி வரைக்கும் கேட்டேன்.
அப்புறம் ஒரு மாதம் வந்து, ஒருநாள்
அதுவும் நின்றுபோனது.
அன்றைக்குத்தான் அழுதேன்.
வீட்டுக்காரருக்குக் காரணம் புரியவில்லை.

நடுவில் ஒருமுறை அரைநாள் கூலியை விட்டு வந்து
இதை அழிக்க முடியுமா என்று கேட்டேன்.
கம்ப்யூட்டர் பையன்
"அதுக்கு வேற ஆள் வரணும்" என்றான்.
அந்த வேற ஆள் வருகிற கிழமை
அவனுக்கும் தெரியாது.

அதனால் இந்தத் தடவை
யாரும் எண்ண வேண்டாம்,
அதுவே வந்து சொல்லட்டும் என்று இருந்தேன்.
போன வியாழக்கிழமை,
இடது கால் ஷூவுக்கு மேல்தோல் தைக்கும்போது
உள்ளே ஒரு சின்ன உதறல்.
பாபின் நூல் அறும்போது விரலுக்குத் தெரியுமே,
அந்த அளவுதான்.
மிஷினை நிறுத்தினேன்.
மறுபடி ஒரு தடவை.
இன்றைக்கு வேனை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்,
பத்தொன்பது வாரத்தோடு.

"உன் பேர்ல பழைய நம்பர் ஒண்ணு
முடியாம நிக்குதே" என்றாள் நர்ஸம்மா.
அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.
பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது.

"வேலை இருந்துச்சுக்கா" என்றேன்.

எழுதினாள்.
என் கையில் பட்டை சுற்றிக் காற்றடித்தாள்.
இறுகி, இறுகி, மெல்ல விட்டது.
"செல் நம்பர்?"

தம்பி நம்பரைச் சொன்னேன்.
அவன் எந்த மெசேஜையும்
திறந்து பார்க்கிற ஆள் இல்லை.