ஓ, கோசோங்

பள்ளிக்கூடத்தில் போட்ட அதே நாலு கட்டம்தான்.
மின்கட்டண ரசீதின் பின்புறம் வரைந்திருந்தார்.
நான் ஓ, அவர் ஓ.
கட்டம் நாலிலும் ஓ.
மகள் மட்டும் பி.

ஒன்றும் கேட்கவில்லை.
மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டார்,
நான்கு ஆண்டுகள்.
துவைக்கப் போட்ட கால்சட்டையில்
எனக்கு அகப்பட்டது. திரும்ப வைத்துவிட்டேன்.

அதன்பின் யீஷூனில் எத்தனை மழை.
ஒரே குடைக்குள் நடக்கவில்லை நாங்கள்.
ஆதிரா உறங்கியபின்
கைபேசி வெளிச்சத்தில் அவள் மூக்கைத்
தன் அண்ணன் மூக்கோடு வைத்துப் பார்ப்பார்.
கண்ணை மூடியபடி
பார்க்கவிட்டேன்.
சத்தியம் செய்வதற்குக்கூட
முதலில் யாராவது கேட்கவேண்டும்.

பிறகு பித்தப்பையில் கல்.
அறுவைக்கு முன் ரத்தம் பொருத்திப் பார்த்தார்கள்.
யாருக்கும் கொடுக்கலாம் என்கிற ஓ,
ஆறு பை.
ஆறும் திரிந்தன, புளி விழுந்த பால்போல.

ஆய்வகத்து ஹுய் ஷான்
சிரிக்காமல் சொன்னாள்:
இவர் ஓ இல்லை. ஓ-வுக்கும் கீழே.
கோசோங்.

எல்லோர் ரத்தத்திலும் ஒரு படி உண்டாம், எச் என்று பெயர்.
ஏ வந்தாலும் பி வந்தாலும்
அதன்மேல் ஏறித்தான் நிற்கவேண்டும்.
ஓ என்றால் வெறும் படி.
இவருக்குப் படியே இல்லை.
உள்ளே ஒரு பி இருக்கிறது,
நாற்பத்தொரு வருடமாய்
நிற்க இடமில்லாமல்.

பம்பாய் வகை என்றாள். பம்பாய்க்கு நாங்கள் போனதே இல்லை.
மாமனார் கட்டியது சொந்த அக்காள் மகளை;
அப்பா பக்கமும் அம்மா பக்கமும்
ஒரே வெற்றிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் என் மகளுக்குப் படி?

நீங்கள் கொடுத்தது, என்றாள்.

அவர் உடம்பில் ஒருநாளும் தெரியாத
அவருடைய எழுத்து
என் படியில் ஏறி நின்று
என் மகளிடம் தெரிந்திருக்கிறது.
அதைத்தான் மடித்து வைத்திருந்தார்,
எனக்கெதிராக.

இந்தத் தீவில் அவருக்கு ரத்தம் தர
விரல்விட்டு எண்ணினாலும் விரல் மிஞ்சும்.
அவர் ரத்தத்தையே எடுத்து
அவருக்கே வைத்தார்கள்.

மின்தூக்கியில் ரசீதை வெளியே எடுத்தார்.
ஐந்தாவதாக ஒரு கட்டம் போடப் பார்த்தார்.
பேனா எழுதவில்லை.
கசக்கவும் இல்லை, என்னிடம் நீட்டவும் இல்லை.
அந்தக் காகிதத்தோடு என்ன செய்வதென்று
அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

கீழே கோப்பிக் கடையில்
வழக்கம்போல இரண்டு விரல் காட்டினார்:
கோப்பி ஓ கோசோங்.

எனக்கு வேண்டாம், என்றேன் கடைக்காரரிடம்.
எனக்குப் பால் ஊற்றுங்கள்.
சீனியும்.