வலமும் இடமும்

எல் ஆல்ட்டோவில் சந்தை
வியாழன், ஞாயிறு.
மற்ற ஐந்து நாளும் நான்
கூரைகளை அண்ணாந்து பார்க்கிறவள்.
ஒழுகுகிறது என்று கூப்பிடுவார்கள்.
ஏணி மூன்று மாடிக்கு எட்டும்.
போன மார்ச்சில் அதுவும் எட்டவில்லை;
சாட்சிக்கு இந்த மணிக்கட்டு.

ஆகவே பறக்கும் கண் ஒன்று வேண்டும்.
கடையில் கேட்டேன், ஆனை விலை சொன்னார்கள்.
இறங்கி வந்தேன் தார்ப்பாய்களுக்கு.

முதல் வியாழன்:
கால் ஒடிந்த சட்டகம்.
மூளைப் பலகை, இருபது பொலிவியானோ.
வேலை செய்யுமா?
"செத்ததென்று யார் சொன்னது?"
மல்டிமீட்டரின் இரு முனையையும் வைத்தேன்.
கீச்சென்றது.
விற்றவன்தான் அதிகம் வியந்தான்.

சால்டரிங் ஈயம் கால் சுருள்
நூல்கண்டு விற்கிறவளிடம் கிடைத்தது.
எப்படி வந்ததென்று அவளுக்கே தெரியாது.
வீங்கிய பேட்டரியை
அடிமாட்டு விலைக்குத் தள்ளப் பார்த்தவனிடம்
தலைமாட்டில் வைத்துத் தூங்குவாயா என்றேன்.
யோசித்தான். விலையைக் குறைத்தான்.
நான் வாங்கவில்லை.

இங்கே காற்று மெலிசு.
கடலோரத்துக்காரர்கள் எழுதிய அளவெல்லாம்
நாலாயிரம் மீட்டரில் பொய் சொல்லும்.
விசிறி ஓர் அங்குலம் கூட நீள வேண்டும்.
அதையும் தேடிப் பிடித்தேன்.

மோட்டார்தான்.
இரண்டு வலம் சுற்ற வேண்டும், இரண்டு இடம்.
கிடைத்த இரண்டும் வலம்.
"வயரை மாற்றிப் போடு, திசை மாறிவிடும்."
திசை மாறும், அண்ணே.
மரை மாறாதே.
நடுவானில் நட்டு தானாய்க் கழன்று
யார் தலையில் விழும்?

ஏழாம் ஞாயிறு,
பழைய கேசட் குவியலுக்குப் பக்கத்தில்
ஒருவன் இரண்டு மோட்டாரை உள்ளங்கையில் வைத்து
விரலால் சுழற்றிக்கொண்டிருந்தான்.
அதே நீலப் பட்டை.
அதே பக்கம் உரசிய அதே காயம்.
எங்கோ மோதி விழுந்த ஒரே பறவையை
இரண்டு மூட்டையாய்ப் பிரித்து விற்றிருக்கிறார்கள்.
அவனுடையது இரண்டும் இடம்.

விற்கிறாயா?
இருவரும் ஒரே மூச்சில் கேட்டோம்.
இருவரும் மாட்டேன் என்றோம், அதுவும் ஒரே மூச்சில்.

பெயர் வெனான்சியோ.
ஏரியில் இரவு வலையை யாரோ அறுக்கிறார்களாம்,
மேலிருந்து பார்க்க வேண்டுமாம்.
எனக்கு டிசம்பரில் மழை, அவனுக்கு இன்றிரவே திருடன்.
சோளக் கஞ்சி ஒரு கோப்பை வாங்கி
மாற்றி மாற்றிக் குடித்தோம்.
நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது,
அதுதான் தொல்லை.

பூவா தலையா போடலாம் என்றான்.
கஞ்சிக்குக் கொடுத்தது கடைசிக் காசு.
என் பையில் ஒரு நட்டு இருந்தது.
நட்டுக்கு ஏது பூ, ஏது தலை?

இருந்தும் சுண்டினான்.
அண்ணாந்து பார்த்தோம்.