இரண்டாவது எச்சரிக்கை

எண்ணூர் நெடுஞ்சாலையில் விடியுமுன்
கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கின்றன.
நான் நகர்கிறேன்.
ஓடக் கூடாது, இது நடைப்போட்டி:
ஒரு கால் எப்போதும் தரையில்,
முன்கால் முட்டி மடங்காமல்.
இடுப்பு ஆடும்.
அதற்கென்றே ஒரு விசில்
கே.வி.கே. குப்பம் திருப்பத்தில் காத்திருக்கும்.

மாவட்டப் போட்டியில் நடுவர்
இரண்டு தடவை மஞ்சள் அட்டை நீட்டினார்.
லிங்கிச் செட்டித் தெரு ஆபீசில்
வரதராஜுலு சார் நீட்டியதும் இரண்டாவது மெமோ:
வருகை ஒன்பது பன்னிரண்டு.
ஈரத் தலை, பையில் ஷூ நாற்றம்
என்றெல்லாம் அதில் எழுதவில்லை.

நாளெல்லாம் பெட்டி எண்களைச் சரிபார்க்கிறேன்,
நான்கு எழுத்து, ஏழு இலக்கம்.
மேசைக்கடியில் குதிகால்
தானாக எழும்பி எழும்பி அமர்கிறது.

ஆண்டு விழா மலருக்கு ஒரு படிவம்:
'உங்களுக்கு ஊக்கம் தந்தவர் யார்?'
காலியாக விட்டேன்.

மூன்று நாளாக நகராத லாரி ஒன்று.
அதன் கிளீனர் பையன், வாயில் பிரஷ்ஷோடு,
பெட்டிக் கதவில் சாக்பீஸால் எழுதியிருந்தான்,
அவனைத் தாண்டிப் போய்
நான் திரும்பி வரும் நிமிடங்களை:
31. 31. 30.
முப்பதின் கீழே ஒரு கோடு.
'நாளைக்கு இன்னாக்கா?' என்றான்.

மறுநாள் அந்த இடத்தில் எண்ணெய்க் கறை.
29.
சொல்ல ஆளில்லை.

பதினொரு மணிக்கு என் பட்டியலில்
அந்தப் பெட்டி வந்தது.
கப்பலில் ஏற்றியாச்சு.
படிவத்தைத் தேடி எடுத்து
நான்கு எழுத்தையும் ஏழு இலக்கத்தையும்
காலியிடத்தில் எழுதினேன்.

சார் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பினார்:
'எண் தவறான கட்டத்தில் உள்ளது.'