காலாவதி

டுலூத்தில் ஏரி உறைந்துகிடக்கும் பிப்ரவரி.
சமுதாயக் கல்லூரியின் இரண்டாவது சன்னலில்
கோரின் லாட்வாலா
உடற்கூறியலில் வாங்கிய மதிப்பெண்ணை நீட்டுகிறாள்.

"இது ஒன்பது வருஷத்துக்கு முந்தியது.
ஏழுக்கு மேல் செல்லாது, மேடம்.
மறுபடி படிக்கணும்."

இருநூற்றாறு எலும்பு.
அதற்குள் ஒன்றிரண்டு கூடியிருக்குமோ?
கேட்கவில்லை. பின்னால் வரிசை.

நேற்று ராத்திரிகூட முதியோர் இல்லத்தில்
லிண்ட்க்விஸ்ட்டைப் புரட்டிப் படுக்கவைத்தாள்.
எந்த இடத்தில் தொட்டால் அலறுவார் என்று
கைக்குத் தெரிந்திருந்தது.

படிவம் கேட்கிறது:
முன் அனுபவம் உண்டா? ஆம். இல்லை.
எத்தனை மலச்சட்டி,
எத்தனை பேருக்கு விடியும் முன் கண்ணை மூடிவிட்டது
என்பதற்கெல்லாம் கட்டமில்லை.
அம்மைத் தடுப்பூசிக்கும் சான்று வேண்டுமாம்.
ஊசி போட்ட கிளினிக் இப்போது டயர்க் கடை.

நாற்பது இடம்.
விண்ணப்பம் முந்நூற்றுப் பதினெட்டு,
இவளையும் சேர்த்தால் ஒன்று கூட.

காரில் ஹீட்டர் சூடேறும் வரை
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
தன் வலது கையைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறாள்:
மேற்கை எலும்பு. ஆர எலும்பு. அரந்தி.
மணிக்கட்டில் எட்டு.
ஏழு வந்துவிட்டது.
இன்னொன்று நாக்கு நுனியில் நின்று
வெளியே வர மறுக்கிறது.

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கிறாள்.
பனியில் பதிந்த தன் தடத்திலேயே
திரும்ப நடந்து
ஓவர்டைம் பணத்தை எண்ணி
மாலை வகுப்புக்குக் கட்டுகிறாள்.

ரசீதை மடிக்கும்போதுதான் வருகிறது
பட்டாணி எலும்பு.

சன்னல்காரர் நிமிர்ந்து பார்க்கிறார்.
"என்ன சொன்னீங்க?"