பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு மணி நேரம் கூடுதல்

தேசகுவாதேரோ.
ஊரின் பெயர் ஒன்று, நடுவில் ஆறு.
இந்தப்பக்கம் பெரு, அந்தப்பக்கம் பொலிவியா.
நான் எவாரிஸ்தோ லாக்கி, மூன்று சக்கர வண்டிக்காரன்.
பதினேழு வருடமாக இரண்டு நாட்டையும்
முழங்காலால் அறிந்தவன்.

லிமாவிலிருந்து வந்த அம்மாள்
முப்பத்தெட்டுக் கேள்வி கொண்டுவந்திருந்தாள்.
எந்தக் கரையில் வாழ்க்கை மேல் என்று
எண்ணில் சொல்ல வேண்டுமாம்,
ஒன்றிலிருந்து பத்துக்குள்.
வண்டியில் உட்கார்ந்தபடியே கேட்டாள்.
ஐம்பத்தெட்டுக் கிலோ இருப்பாள், பையோடு அறுபத்திரண்டு.
இதில் மட்டும் நான் தவறுவதில்லை.

எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.
அங்கே கேஸ் சிலிண்டர் மலிவு.
ஆகவே அது இருட்டியபின் இங்கே வருகிறது
கம்பளிக்குள் கைக்குழந்தை மாதிரி.
இங்கே முட்டை மலிவு, வெங்காயம் மலிவு.
அவை வெயிலிலேயே போகின்றன.
போன வருடம் எல்லாம் தலைகீழாக இருந்தது.
சிலிண்டருக்கு எந்தக் கொடி மேலும் பற்றில்லை.

அங்கே இருக்கிறான் என் மைத்துனன் ஃபௌஸ்தோ.
தகரக் கூரை, கடன் இல்லை.
எனக்குக் காங்கிரீட் கூரை.
மாடி எழுப்பப்போகிறேன் என்று நீட்டிவிட்ட கம்பிகள்
ஆறு வருடமாகத் துருப்பிடிக்கின்றன.
அவன் மகனுக்குப் பள்ளியில் வருடக் கடைசியில் கொஞ்சம் பணம்,
என் பிள்ளைகளுக்குக் காலையில் கீன்வா கஞ்சி.
ஞாயிற்றுக்கிழமை பீர் திறந்தால்
முதலில் அவன் என் நாட்டைப் புகழ்வான், நான் அவன் நாட்டை.
மூன்றாவது பாட்டிலில்
அவரவர் நாட்டை அவரவர் ஏசுவோம்.
அடுத்தவன் நாட்டை ஏச
இருவருக்கும் இதுவரை போதை போதவில்லை.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள்.
ஜூலையில் வந்து பாருங்கள் அம்மா,
இரண்டு கரையும் ஒரே பழுப்பு.

இருபத்தொன்பதாம் கேள்வி, மருத்துவம்.
அங்கேதான் என் மிதி தவறியது.

மொதெஸ்தாவுக்கு வலி எடுத்தபோது இரவு பதினொன்றே கால்.
இந்தப்பக்க ஆஸ்பத்திரியில் டாக்டர் உண்டு,
அன்று வேலைநிறுத்தம்.
அந்தப்பக்கம் ஒரு நர்ஸ் உண்டு,
விளக்கு எரியுமா தெரியாது.
கம்பளி விரித்து அவளைக் கிடத்திக்கொண்டு
பாலத்தின் வாயில் நின்றேன்.
இடப்பக்கம் ஆஸ்பத்திரி மேடு, நேரே ஆறு.
காற்று முதுகில் அடித்தது.
அவ்வளவுதான்.
பாலத்தில் ஏறிவிட்டேன்.

சாவடியில் சிப்பாய் சீட்டுக் கேட்டான்.
அவள் கத்திய கத்தில்
தடுப்புக் கம்பத்தைத் தானே தூக்கினான்,
தொப்பியை வேறு கழற்றினான், ஏனென்று தெரியவில்லை.

குழந்தை பிறந்தபோது என் வீட்டில் இருபதாம் தேதி,
பதினொன்று ஐம்பது.
நர்ஸின் சுவரில் இருபத்தொன்று,
பன்னிரண்டு ஐம்பது.
அவள் தன் சுவரைப் பார்த்து எழுதினாள்.
லுஸ்மிலாவுக்கு இப்போது ஒன்பது வயது.
இரண்டு தேதிக்கும் கேக் கேட்கிறாள்.
ஒன்றுக்கு ரொட்டி வாங்கிச் சமாளிக்கிறோம்.

அம்மாள் பேனாவை மூடவில்லை.
அப்படியானால் பொலிவியாவுக்கு எத்தனை என்றாள்.
காற்றுக்கு என்ன எண் போடுவது?
எட்டு என்றேன்.
பெருவுக்கு?
ஏழு என்று சொல்லிவிட்டு
யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் பன்றிக்கறி விற்கும் கிளோதில்தே மட்டும்.
அவள் எந்த நாடென்று
அவளுக்கே மறந்திருக்கும்.

அந்தக் கரையில் இறங்கிய அம்மாள்
கைக்கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினாள்.
கூலியைச் சோலில் தரவா, பொலிவியானோவிலா என்றாள்.
இன்று எது கனமோ அது என்றேன்.
அவள் சிரிக்கவில்லை,
பையைத் துழாவிச் சில்லறையாகக் கொடுத்தாள்.

திரும்பும்போது வண்டி காலி.
எதிர்க்காற்று.
பாதிப் பாலத்தில் மிதிக்க முடியாமல்
இறங்கித் தள்ளினேன்.